அலுமினிய சாமானுக்குக் கலர் அனோடைசிங்: வன்னியில இருந்து செய்விக்கிற ஆக்களுக்கு முழு வழிகாட்டி

லேத் பட்டறையில நிண்டா கிழமைக்கு ரெண்டு மூண்டு பேர் எண்டாலும் வந்து கேக்கிற கேள்வி இது. "அண்ணை, இந்த அலுமினியத்தைக் கடைஞ்சு தந்திட்டு அப்பிடியே சிவப்பும் அடிச்சுத் தாங்கோ". மோட்டார்சைக்கிளுக்குக் கலர் ஃபுட்ரெஸ்ட் தேடுற பெடியள், முல்லைத்தீவுப் பக்கம் படகுக்குப் பிறாக்கெட் செய்விக்கிற ஆக்கள், அறிவியல் நகர்ல எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளையள் புறொஜெக்ட்டுக்கு, எல்லாரும் ஒரே மாதிரித்தான் "அடிச்சுத் தாங்கோ" எண்டு கேக்கினம். அனோடைசிங் அடிக்கிற விசயமே இல்லை, அது பெயின்ற் இல்லை, அலுமினியத்தின்ர மேற்பரப்பையே அசிட் தொட்டியில கரண்ட் குடுத்து ஒக்சைட் படையா மாத்திறது. கலர் சரியா வருமா வராதா எண்டதில முக்கால்வாசி, சாமான் அசிட் தொட்டிக்குப் போக முதலே, நீங்கள் எந்த அலுமினியத்தை வெட்டினீங்கள், எப்பிடி வெட்டினீங்கள் எண்டதிலயே முடிவாகிப் போகும். அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

இன்னொரு காரணமும் இருக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில கிட்டத்தில ஒரு அனோடைசிங் கடை கிடையாதெண்டு வச்சுக்கொண்டுதான் பிளான் பண்ணோணும். அலுமினியம் புறொபைல் செய்யிற பெரிய கொம்பனியள் எல்லாம் கொழும்பு, கம்பஹா பக்கம்தான். கிளிநொச்சியில இருந்து கொழும்பு 330 கிலோமீற்றர் கிட்ட, பார்சல் போய் வர ஒரு செலவு, பிழைச்சு வந்தா திருப்பி அனுப்ப இன்னொரு செலவு. பக்கத்து ஒழுங்கையில கடை இருந்தா ஓடிப்போய்ச் சண்டை பிடிக்கலாம், ஏ9 றோட்டால அனுப்பிப்போட்டு சண்டை பிடிக்க ஏலாது.

முதல்ல, உங்களுக்கு வேண்டியது அனோடைசிங்தானா?

காந்தம் ஒண்டை எடுத்துச் சாமானில வையுங்கோ. ஒட்டினா அது இரும்பு, கதை முடிஞ்சுது, இரும்பை அனோடைஸ் பண்ண ஏலாது, அசிட்டுக்குள்ள போட்டுக் கரண்ட் குடுத்தா கரையும். இரும்புக்கு சிங்க் பிளேற்றிங், கல்வனைசிங், பவுடர் கோட்டிங் எண்டு வேற வழியள் இருக்கு, அதைக் கீழ கடைசியாச் சொல்லுறன். பித்தளை, செம்பும் சரிவராது. ஸ்டெயின்லெஸ் சிலது காந்தத்தில ஒட்டாது, அதை அலுமினியம் எண்டு நினைக்காதேங்கோ, கையில தூக்கினாலே பாரத்தில தெரியும், அலுமினியத்தைப்போல கிட்டத்தட்ட மூண்டு மடங்கு. டைட்டேனியத்தையும் அனோடைஸ் பண்ணலாம், அதுக்கு டை (கலர்ச் சாயம்) தேவையில்லை, வோல்ற்றேச்சைக் கூட்டிக் குறைக்கவே நீலம், ஊதா, பொன் எண்டு கலர் மாறும், ஆனா அந்தச் சாமான் எங்கட பட்டறைக்கு வாறது அருமை.

அலுமினியம்தான், ஆனா வேண்டியது கலர் மட்டும், தேய்மானமோ அளவோ முக்கியமில்லை எண்டா பவுடர் கோட்டிங்கையும் யோசிச்சுப் பாருங்கோ, எந்தக் கலரும் வரும், கீறல், ஓட்டை அடைச்ச இடம் எல்லாத்தையும் மூடும். உலோகத்தின்ர மினுக்கம் தெரிய வேணும், அளவு மைக்ரோன் (மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்கு) கணக்கில நிக்க வேணும், உரிஞ்சு வரக்கூடாது எண்டால்தான் அனோடைசிங்.

தொட்டிக்குள்ள என்ன நடக்குது

அலுமினியத்தை சல்பூரிக் அசிட் தண்ணிக்குள்ள வச்சு பொசிற்றிவ் பக்கம் கொழுவிக் கரண்ட் குடுத்தா, மேற்பரப்பு தானே ஒக்சைட்டா மாறிக்கொண்டு வரும். வெளிய இருந்து ஒண்டும் வந்து ஒட்டுறேல்ல, அலுமினியமே மாறுது, அதனாலதான் பெயின்ற் மாதிரி உரியாது. அந்தப் படைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரம், தேன்வதை மாதிரி ஒழுங்கா நிக்கும், ஒரு துவாரம் பத்து இருபது நானோமீற்றர் அகலம்தான். சாமானைக் கலர்த் தண்ணிக்குள்ள போட்டா டை அந்தத் துவாரத்துக்குள்ள இறங்கும். பிறகு கொதிதண்ணியில அவிச்சா ஒக்சைட் தண்ணியை உறிஞ்சி வீங்கி, துவாரத்தின்ர வாயை மூடிக்கொள்ளும். இந்தக் கடைசி வேலைக்குப் பேர் சீலிங். சீலிங் பிழைச்சா மிச்சம் எல்லாம் வீண்.

இதைத் தொழிலா முதல்ல பாவிச்சது 1923 இல இங்கிலாந்தில, கடல்விமானத்தின்ர அலுமினியம் உப்புத்தண்ணியில அரிக்காமல் இருக்க. அப்ப குறோமிக் அசிட்டிலதான் செய்தவை, 1927 இல சல்பூரிக் முறை வந்தது, இப்ப உலகத்தில பெரும்பாலும் அதுதான்.

கடைக்காரர் டைப் 1, டைப் 2, டைப் 3 எண்டு கதைப்பினம். அது அமெரிக்க இராணுவ ஸ்பெசிபிகேசன் மில்-ஏ-8625 இல இருந்து வந்த பேர். 1 எண்டா குறோமிக், 2 எண்டா சாதாரண சல்பூரிக், 3 எண்டா ஹார்ட் அனோடைசிங். அதிலயே கிளாஸ் 1 எண்டா கலர் போடாதது, கிளாஸ் 2 எண்டா கலர் போட்டது. உங்களுக்குச் சிவப்பு, நீலம், பொன் வேணுமெண்டா கேக்க வேண்டியது டைப் 2 கிளாஸ் 2. ஹார்ட் அனோடைசிங்கில படை தானே சாம்பல் கறுப்பாத்தான் வரும், அதுக்கு மேல வெளிர்க் கலர் எடுக்காது, கறுப்பு மட்டும் வடிவா வரும்.

படி 1: அலுமினியம் எது எண்டு தெரிஞ்சுகொண்டு வெட்டுங்கோ

இந்தப் படியைத்தான் ஆக்கள் அப்பிடியே தாண்டிப் போறவை. அலுமினியம் எண்டா எல்லாம் ஒண்டில்லை. 6061, 6063 ரெண்டும் கலருக்கு அருமையான சாதி. 5052 உம் நல்லம். 7075 எடுக்கும், ஆனா படை கொஞ்சம் மஞ்சள் அடிக்கும், அதால வெளிர்க் கலர் வித்தியாசமாத் தெரியும். 2024 இல செம்பு 4 வீதம் கிட்ட இருக்கு, படை மென்மையா, கலர் மங்கலா வரும்.

பிரச்சினை வார்ப்பில. பழைய எஞ்சின் கேசிங், பிஸ்டன், கார்பரேற்றர் உடல் எல்லாம் உருக்கி மண்ணில வார்த்த சாமானைக் கொண்டு வந்து "இதுக்கு நீலம் வேணும்" எண்டு கேட்டா, தர ஏலாது எண்டுதான் சொல்லோணும். பிஸ்டன் அலுமினியத்தில சிலிக்கன் 12 வீதம் அளவில இருக்கு, ஏடிசி 12 எண்ட டைகாஸ்ற் சாதியிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிலிக்கன் ஒக்சைட்டா மாறாமல் அப்பிடியே நிக்கும், படை சாம்பலாவும் திட்டுத் திட்டாவும் வரும். அதுக்கு மேல எந்த டை போட்டாலும் ஊத்தை பிடிச்ச மாதிரித்தான். வார்ப்புக்குப் பவுடர் கோட்டிங் செய்யுங்கோ.

எங்கட பக்கம் 6061 பில்லற் (கட்டித் துண்டு) தேடித் திரியிறதை விட லேசான வழி ஒண்டு இருக்கு. யன்னல், கதவு அடிக்கிற அலுமினியக் கடையில வாற புறொபைல், பார், ஆங்கிள் எல்லாம் பெரும்பாலும் 6063. அந்தக் கடையில வெட்டி மிஞ்சின துண்டை வாங்கினா சின்னச் சாமானுக்குப் போதும், கலரும் கண்ணாடி மாதிரி வரும். ஏற்கனவே பவுடர் கோட் அல்லது பிறவுண் அனோடைஸ் பண்ணின துண்டை வாங்காதேங்கோ, மில் ஃபினிஷ் எண்டு கேளுங்கோ, வெறும் உலோகம் தருவினம்.

ஒரு செற் சாமானுக்கு ஒரே பாரில இருந்து வெட்டுங்கோ. நாலு ஃபுட்ரெஸ்ட்டில ரெண்டை 6061 இலயும் ரெண்டைத் தெரியாத அலுமினியத்திலயும் வெட்டினா, ஒரே தொட்டியில ஒரே நேரத்தில போட்டாலும் ரெண்டு சிவப்பா வரும், கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

படி 2: படம் கீறேக்கையே படைக்கு இடம் விடுங்கோ

அனோடைசிங் அளவை மாத்தும். சாதாரண சல்பூரிக்கில படையின்ர மூண்டில ஒரு பங்கு வெளிய வளரும், மூண்டில ரெண்டு பங்கு உள்ள இறங்கும். 15 மைக்ரோன் படை எண்டா ஒரு பக்கத்துக்கு 5 மைக்ரோன் கூடும், உருளைச் சாமானில விட்டம் 10 மைக்ரோன். இதைப் பெரும்பாலான சாமானில கவனிக்கத் தேவையில்லை. ஹார்ட் அனோடைசிங் எண்டா பாதிக்குப் பாதி, 50 மைக்ரோன் படையில ஒரு பக்கம் 25, விட்டத்தில 50. பெயரிங் இறங்கிற ஓட்டையை எச்7 எண்ட நுணுக்க அளவில கடைஞ்சு வச்சுப்போட்டு ஹார்ட் அனோடைசிங் குடுத்தா பெயரிங் உள்ள போகாது.

புரி இன்னும் மோசம். புரியின்ர சரிவுப் பக்கங்கள் எல்லாம் வளரும், 60 பாகைப் புரியில பிட்ச் விட்டம் (புரியின்ர நடு விட்டம்) ஒரு பக்க வளர்ச்சியின்ர நாலு மடங்கு மாறும். 15 மைக்ரோன் சாதாரணப் படையில அது 20 மைக்ரோன், போல்ற் கொஞ்சம் இறுக்கமாப் போகும், சமாளிக்கலாம். 50 மைக்ரோன் ஹார்ட் படையில அது 0.1 மில்லிமீற்றர், எம்5, எம்6 புரி ஒண்டும் ஏறாது. ஒண்டில் புரியைக் கொஞ்சம் பெருசா வெட்டுங்கோ, இல்லாட்டி அதைச் சிலிக்கோன் அடைப்பால மூடச் சொல்லுங்கோ. பிறகு டாப் விட்டுத் திருப்பி வெட்டலாம் எண்டு நினைச்சா, அந்த ஒக்சைட் சும்மா இல்லை, கிறைண்டிங் கல்லில இருக்கிற சாமான்தான், டாப்பைத் தின்னும்.

மூலையளைக் கூராய் விடாதேங்கோ. படை மேற்பரப்புக்குச் செங்குத்தா வளருறதால, கூர் விளிம்பில வெடிச்சு வெள்ளைக் கோடு மாதிரித் தெரியும். கலர் சாமானுக்கு அரை மில்லிமீற்றர் றேடியஸ் போதும், 50 மைக்ரோன் ஹார்ட் படைக்கு ஒண்டரை மில்லிமீற்றர் கிட்ட வையுங்கோ.

அடி மூடின ஓட்டையள் இருந்தா அதுக்குள்ள அசிட் தங்கும். பிறகு கலர் போட்டு முடிச்சுக் காய்ஞ்ச உடன அந்த அசிட் மெல்ல மெல்ல வெளிய வந்து ஓட்டையைச் சுத்தி வெள்ளை வளையமா கலரை வெளுக்கும். முடிஞ்சா ஓட்டையை மற்றப் பக்கம் வரைக்கும் துளையுங்கோ. அழுத்தி இறுக்கின ரெண்டு தகட்டின்ர இடுக்கும் இதே கதைதான்.

இரும்பு பின், ஹெலிகோயில் (ஓட்டைக்குள்ள போடுற புரிச் சுருள்), பெயரிங், ஸ்டெயின்லெஸ் ஸ்டட் எதையும் பொருத்தி அனுப்பாதேங்கோ, எல்லாம் கழட்டி அலுமினியம் மட்டும் அனுப்புங்கோ. இரும்பு அந்தத் தொட்டியில கரைஞ்சு கரண்டை எல்லாம் தன்னிலயே இழுக்கும், உங்கட சாமானும் போகும் அவையின்ர தொட்டியும் போகும்.

கொழுவுற இடம் ஒண்டு எப்பவும் இருக்கும். கரண்ட் போக வேணுமே, அதுக்குச் சாமானை அலுமினியம் அல்லது டைட்டேனியம் கவ்வியில இறுக்குவினம், கவ்வின புள்ளியில படை வராது, கலரும் வராது. எந்த இடத்தில அந்தப் புள்ளி விழலாம் எண்டு நீங்கள் படத்தில காட்டாட்டி அவை தங்களுக்கு லேசான இடத்தில கொழுவுவினம், அது முகப்புப் பக்கத்தில நடுவில எண்டும் இருக்கலாம். மற்றது, ஒக்சைட் கரண்ட் கடத்தாது. எர்த் வயர் பூட்டுற இடம் இருந்தா அதை மறைக்கச் சொல்லி எழுதுங்கோ.

படி 3: மேற்பரப்பு

அனோடைசிங் கீறலை மறைக்கும் எண்டு ஒரு நம்பிக்கை இருக்கு. மறைக்காது, இன்னும் வடிவா எடுத்துக் காட்டும். லேத்தில வெட்டின கோடு, வைஸில கடிச்ச அடையாளம், அரத்தின்ர இழுவை எல்லாம் சிவப்புக்கு நடுவில மினுங்கும்.

மினுக்கமா வேணுமெண்டா எமறித்தாள் 400, 600, 800 எண்டு போய்ப் பிறகு பஃப் பண்ணுங்கோ. மங்கலா, சாட்டின் மாதிரி வேணுமெண்டா கண்ணாடி மணியால பிளாஸ்ற் பண்ணோணும். இரும்பு வேலைக்குப் பாவிச்ச பிளாஸ்ற் மிசினில அதே மண்ணோட அலுமினியத்தைப் போடாதேங்கோ, இரும்புத் துகள் உள்ள ஏறி இருந்து பிறகு கறுப்புப் புள்ளியாத் தெரியும். வயர் பிறஷும் அப்பிடித்தான், அலுமினியத்துக்கெண்டு ஸ்டெயின்லெஸ் பிறஷ் ஒண்டு தனியா வையுங்கோ.

வெல்டிங் செய்த சாமான் எண்டா ஃபில்லர் கம்பி எது எண்டது முக்கியம். கடையில லேசாக் கிடைக்கிற 4043 கம்பியில சிலிக்கன் 5 வீதம், வெல்ட் ஓடுறதுக்கு நல்லம், ஆனா அனோடைஸ் பண்ணின உடன வெல்ட் கோடு கரும் சாம்பலாப் பாம்பு மாதிரி நிக்கும். 5356 கம்பி பாவியுங்கோ, முழுக்க மறையாது, ஆனா கிட்டக் கிட்ட வரும். வளைக்க வேண்டியது எல்லாத்தையும் முதலே வளையுங்கோ, படை வந்த பிறகு வளைச்சா வெடிக்கும்.

கடைசியா எண்ணெய், பஃபிங் மெழுகு எல்லாம் போகக் கழுவுங்கோ. வெறுங்கையால பிடிச்சு வியர்வையோட மாசக்கணக்கில வச்சிருந்தா விரலடையாளம் உலோகத்தில அரிச்சு நிக்கும், அதுவும் கலரில தெரியும்.

படி 4: கலரைத் தெரிவு செய்யேக்க வெயிலை நினையுங்கோ

கொழும்பில ஒஃபிஸுக்குள்ள வைக்கிற சாமானும், மாங்குளத்தில மோட்டார்சைக்கிளில வருசம் முழுக்க வெயிலுக்க நிக்கிற சாமானும் ஒண்டில்லை. பிறைட்டான கலர் எல்லாம் ஓர்கானிக் டை, வெயிலுக்கு மங்கும். எல்லாம் ஒரே வேகத்தில மங்காது. மலிவான கறுப்பு டை வெயிலில ஊதாவும் செம்மண் நிறமுமா மாறும், சிவப்பு, ஊதா, பிங்க் எல்லாம் கெதியா வெளிறும்.

வெளிய நிக்கிற சாமானுக்கு நல்ல வழி ரெண்டு. ஒண்டு, எலெக்ரோலிற்றிக் கலரிங், துவாரத்தின்ர அடியில வெள்ளீயம் மாதிரி உலோகத்தையே கரண்டால படிய வைக்கிறது, சம்பெயின், பிறொன்ஸ், கறுப்பு எண்டு வரும், வெயிலுக்கு அசையாது. யன்னல் பிறேமுக்குச் செய்யிறது அதுதான், ஆகவே புறொபைல் கொம்பனியளிட்ட இதைக் கேக்கிறது லேசு. மற்றது பொன் நிறம் எண்டா ஃபெரிக் அமோனியம் ஒக்சலேற் எண்ட உப்பால போடுற பொன், அதுவும் வெயில் தாங்கும். சிவப்புத்தான் வேணும் எண்டு நிக்கிறவைக்கு என்ர பதில், போடுங்கோ, ஆனா வெயில் தாங்கிற டை எண்டு கேட்டுப் படையைத் தடிப்பா எடுங்கோ.

தடிப்பு எண்டது கலருக்கு நேரடியாப் பொருந்தும். உள்ள வைக்கிற சாமானுக்கு, வெளிர்க் கலருக்கு 8 இல இருந்து 10 மைக்ரோன் காணும். சிவப்பு, நீலத்துக்கு 15. நல்ல கறுப்புக்கு 20 இல இருந்து 25. வெளிய, அதுவும் கடல்காத்துப் படுற இடத்துக்கு எந்தக் கலரெண்டாலும் 20 க்குக் குறையாமல் கேளுங்கோ. கட்டிட வேலையில ஏஏ10, ஏஏ15, ஏஏ20, ஏஏ25 எண்டு சொல்லுவினம், பின்னால இருக்கிற இலக்கம்தான் சராசரி மைக்ரோன்.

படி 5: ஓர்டரை எழுதிக் குடுங்கோ

போனில "அண்ணை சிவப்பு" எண்டு சொல்லி அனுப்பாதேங்கோ. ஒரு பேப்பரில, அல்லது வட்ஸப்பில எண்டாலும், இப்பிடி எழுதலாம்: "சாமான் 12 துண்டு, 6063, ஒரே பாரில வெட்டினது. டைப் 2, கிளாஸ் 2, சிவப்பு, மாதிரித் துண்டு உள்ள இருக்கு. படை 15 இல இருந்து 20 மைக்ரோன். மேற்பரப்பு மணி பிளாஸ்ற் செய்தாச்சு, எச்சிங் குறைவாச் செய்யவும். எம்6 ஓட்டை ரெண்டையும் அடைக்கவும். கொழுவுற புள்ளி பின்பக்கம் படத்தில வட்டம் போட்ட இடத்தில மட்டும். சீலிங் கட்டாயம்."

எச்சிங் குறைவா எண்டு ஏன் எழுதுறது எண்டா, கோஸ்ரிக் சோடாத் தொட்டியில கூட நேரம் விட்டா உலோகம் கரைஞ்சு பஃப் பண்ணின மினுக்கம் போயிடும், அளவும் குறையும்.

கேக்க வேண்டியது: குறைஞ்ச சார்ஜ் எவ்வளவு, தொட்டி எவ்வளவு நீளம், இந்தக் கலர் எப்பவும் ஓடுதா அல்லது உங்களுக்காக டை கலக்கோணுமா. பெரும்பாலான கடையில ஒரு துண்டுக்கும் ஒரு தொட்டிக்கும் கிட்டத்தட்ட ஒரே காசுதான், அதால பட்டறையள் ரெண்டு மூண்டு சேர்ந்து ஒரே கலருக்கு ஒண்டா அனுப்பினா எல்லாருக்கும் மலிவு. ஆனா உங்கட அலுமினியத்தையும் மற்றவையின்ர அலுமினியத்தையும் பெயர் எழுதித் தனித்தனியாக் கட்டுங்கோ. எக்ஸ்ராவா ரெண்டு துண்டு வெட்டி அனுப்புறது எப்பவும் நல்லம், ஒண்டைச் சோதிச்சுப் பாக்க, ஒண்டு பழுதானா ஈடு வைக்க.

கட்டேக்க ஒவ்வொண்டையும் தனியாப் பேப்பரில சுத்துங்கோ. ஈரப் பேப்பரில இல்லை. பஸ்ஸில பார்சல் போனா அதுக்கு மேல ஆர் எதை வைப்பினம் எண்டு தெரியாது, ஆகவே மரப்பெட்டி அல்லது தடிச்ச கார்ட்போர்ட்.

படி 6: அங்க அவை செய்யிற வேலையின்ர ஒழுங்கு

இது தெரிஞ்சிருந்தா கேள்வி கேக்கலாம், பிழை எங்க வந்தது எண்டும் பிடிக்கலாம்.

முதல்ல எண்ணெய் கழுவுறது. பிறகு கோஸ்ரிக் சோடா எச்சிங், லீற்றருக்கு 50 கிராம் அளவில, 50, 60 பாகைச் சூட்டில சில நிமிசம். வெளிய எடுத்தா சாமான் கரிபிடிச்ச மாதிரி இருக்கும், அது கரையாமல் மிஞ்சின செம்பு, சிலிக்கன், இரும்பு, அதை நைட்ரிக் அசிட்டில கழுவ வெள்ளையா வரும். ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவில தண்ணிக் கழுவல்.

அதுக்குப் பிறகுதான் அனோடைசிங் தொட்டி. சல்பூரிக் 15 இல இருந்து 20 வீதம், சூடு 18 இல இருந்து 22 பாகை, சதுர டெசிமீற்றருக்கு 1.2 இல இருந்து 1.8 அம்பியர், வோல்ற் 12 க்கும் 20 க்கும் இடையில. தடிப்பு எவ்வளவு வரும் எண்டதுக்கு ஒரு லேசான கணக்கு: அம்பியரை நிமிசத்தால பெருக்கி 0.3 ஆல பெருக்குங்கோ. 1.5 அம்பியர், 45 நிமிசம் எண்டா 20 மைக்ரோன். ஆரும் 15 நிமிசத்தில 25 மைக்ரோன் தாறன் எண்டு சொன்னா இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கோ.

அந்த 20 பாகைதான் எங்கட நாட்டில பெரிய சவால். வெளியில 33, 34 பாகை அடிக்கேக்க, தொட்டிக்குள்ள கரண்டும் சூடாக்கேக்க, சில்லர் (தொட்டியைக் குளிராக்கிற மிசின்) இல்லாமல் அதைப் பிடிச்சு வைக்க ஏலாது. தொட்டி சூடானா அசிட் தானே படையைக் கரைக்கும், படை மென்மையாகிக் கையில வெள்ளை மா மாதிரி ஒட்டும். "உங்களிட்ட சில்லர் இருக்கோ" எண்ட ஒரு கேள்வி போதும், கடையின்ர தரம் விளங்கும். ஹார்ட் அனோடைசிங்குக்கு 0 இல இருந்து 5 பாகை வேணும், அது இன்னும் கஷ்டம்.

பிறகு நல்லாக் கழுவி டைத் தொட்டி, 55, 60 பாகை, பத்துப் பதினைஞ்சு நிமிசம். அனோடைஸ் பண்ணின சாமானைக் காயவிட்டு அடுத்த நாள் கலர் போட ஏலாது, துவாரம் தானே மூடத் தொடங்கும்.

கடைசியா சீலிங். கொதிதண்ணி முறையில 96 பாகைக்கு மேல, ஒரு மைக்ரோனுக்கு மூண்டு நிமிசம், 20 மைக்ரோன் எண்டா ஒரு மணித்தியாலம். கலர் சாமானுக்கு நிக்கல் அசிற்றேற் கரைசலையும் பாவிப்பினம், சூடு குறைவாக் காணும், டை கசிஞ்சு வெளிய வாறதும் குறையும். தண்ணி சுத்தமா இருக்கோணும். சிலிக்கேற், பொஸ்பேற் சில பிபிஎம் (பத்து லட்சத்தில ஒரு பங்கு) இருந்தாலே துவாரம் மூடுறதைக் கெடுக்கும், கல்சியம் கூடினா மேல வெள்ளைப் பவுடர் படியும். கேத்திலின்ர அடியில கல்லு கட்டுற எங்கட கிணத்துத் தண்ணியை இதுக்குக் கிட்டவும் கொண்டு போகக்கூடாது.

படி 7: பார்சல் வந்த உடன சோதிக்கிற விதம்

காசு குடுத்து முடிக்க முதல் இதைச் செய்யுங்கோ. பகல் வெளிச்சத்தில, முற்றத்தில வச்சு எல்லாத் துண்டையும் பக்கத்தில பக்கத்தில பாருங்கோ, டியூப் லைற்றில கலர் வித்தியாசம் தெரியாது. வெள்ளைத் துணியை நனைச்சு அழுத்தித் தேயுங்கோ, கலர் துணியில வந்தா சீலிங் இல்லை. எக்ஸ்ரா துண்டில மார்க்கர் பேனையால ஒரு புள்ளி வச்சு அஞ்சு நிமிசம் விட்டுத் துடையுங்கோ, நல்லா மூடின படையில துடைச்சா போயிடும், மூடாட்டி மை உள்ள இறங்கிக் கறையா நிக்கும். மல்ரிமீற்றரை ஓம்ஸில வச்சு ரெண்டு முனையையும் மெல்லமா வையுங்கோ, கடத்தக்கூடாது, கடத்தினா படை இல்லை அல்லது மிச்சம் மெல்லிசு. குத்தி அழுத்தினா முனை படையைத் துளைக்கும், அதையும் பிழையா எடுக்காதேங்கோ. போல்றை எல்லா ஓட்டைக்குள்ளயும் கையால ஓட்டிப் பாருங்கோ.

தடிப்பை அளக்க எடி கரண்ட் மீற்றர் வேணும், எங்களிட்ட இல்லாட்டி கடைக்காரரிட்ட அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேக்கலாம், ஒழுங்கான கடை தரும்.

பிழை எண்டா படையைக் கரைச்சு எடுத்துத் திருப்பிச் செய்யலாம். ஆனா அலுமினியம் ஒக்சைட்டா மாறினது திரும்பி வராது, ஒவ்வொரு தடவையும் அளவு குறையும். ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பரவாயில்லை, பெயரிங் இறங்கிற ஓட்டைக்கு ஏலாது.

வீட்டில சின்னனாச் செய்து பாக்க ஏலுமோ?

ஏலும், மாதிரித் துண்டு, சின்னப் போல்ற் வொஷர் அளவில. பற்றரி அசிட் கிட்டத்தட்ட 37 வீதச் சல்பூரிக், அதை அளவுக்கு அளவு தண்ணியில கலந்தா 20 வீதம் வரும். அசிட்டைத்தான் தண்ணிக்குள்ள மெல்ல மெல்ல ஊத்துறது, தண்ணியை அசிட்டுக்குள்ள ஊத்தினா கொதிச்சு முகத்துக்கு வரும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு றப்பர் கையுறை கட்டாயம், பக்கத்தில ஒரு வாளி தண்ணி. நெகற்றிவ் பக்கம் அலுமினியத் தகடு, கொழுவுற கம்பியும் அலுமினியம்தான், செம்புக் கம்பியை அசிட்டுக்குள்ள விடாதேங்கோ. பாத்திரத்தைச் சுத்தி ஐஸ் போத்தல் வச்சுச் சூட்டைப் பிடியுங்கோ. ஐதரசன் வரும், ஆகவே திறந்த வெளியில, நெருப்பு, சிகரெட் ஒண்டும் இல்லாமல். சீலிங்குக்கு டிஸ்ரில்ட் வோட்டர், இல்லாட்டி ஆர்ஓ தண்ணி. நிக்கல் உப்பை வீட்டில தொடாதேங்கோ, அது நஞ்சு.

முடிஞ்ச அசிட்டை வாய்க்காலுக்கோ கிணத்தடிக்கோ ஊத்தக்கூடாது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு நுரைக்கிறது நிக்கும் வரைக்கும் சமப்படுத்துங்கோ, அடியில வெள்ளைச் சேறு படியும், அதை வேறாக் காயவிட்டு எடுங்கோ. இதைத் தொழிலாச் செய்ய நினைக்கிற ஆக்கள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர அனுமதியில இருந்துதான் தொடங்கோணும், குளத்துத் தண்ணியில வயல் செய்யிற இடத்தில கழிவுத்தண்ணி வழி யோசிக்காமல் தொட்டி வைக்கிறது பெரிய கேடு. பரந்தன்ல ஒருகாலத்தில ஆனையிறவு உப்பில இருந்து மின்சாரத்தால கோஸ்ரிக் சோடா எடுத்த மண்ணில, இப்ப ஒரு கிலோ சோடாவும் வெளியில இருந்து வருது எண்டது வேற கதை.

இரும்புச் சாமான் எண்டா

சிங்க் பிளேற்றிங் 8 இல இருந்து 12 மைக்ரோன், போல்ற், வொஷர், சின்னப் பிறாக்கெட்டுக்கு. 10.9, 12.9 எண்டு தலையில அடிச்ச உறுதி கூடின போல்ற் எண்டா பிளேற்றிங்கில ஐதரசன் உள்ள ஏறி பிறகு பாரம் வரேக்க திடீரெண்டு முறியலாம், பிளேற் பண்ணி நாலு மணித்தியாலத்துக்குள்ள 200 பாகை அளவில சுட்டு எடுக்கோணும். சுடுறதெண்டா என்ன எண்டு கேக்கிற கடையில அந்தப் போல்றைக் குடுக்காதேங்கோ.

கல்வனைசிங் எண்டது 450 பாகையில உருகின சிங்க்குக்குள்ள தோய்க்கிறது, 50 இல இருந்து 85 மைக்ரோன், கேற், தண்ணித் தாங்கி ஸ்ராண்ட், கடற்கரை வேலைக்கு இதுதான். பைப்பை ரெண்டு முனையும் மூடி வெல்ட் பண்ணி அனுப்பினா உள்ள காத்து விரிஞ்சு தொட்டிக்குள்ள வெடிக்கும், ஆள் சாவும் நடக்கலாம், ஒவ்வொரு மூடின பைப்புக்கும் ரெண்டு முனையிலும் ஓட்டை போடுங்கோ. லாண்ட்மாஸ்டர் உழவு மிசினின்ர இரும்புச் சில்லுக்கு இதைக் கேட்டு வாறவையும் இருக்கினம், சேறும் மணலும் ஒரு போகத்திலயே உரசி எடுத்துப்போடும், அதுக்குச் சாதாரணப் பெயின்ற் போதும்.

பவுடர் கோட்டிங் 60 இல இருந்து 80 மைக்ரோன், 180 இல இருந்து 200 பாகையில சுடுறது. கறள் எடுத்து பொஸ்பேற் கழுவல் செய்யாமல் மேலால அடிச்சா பாக்க வடிவா இருக்கும், முதல் மாரியிலயே கறள் உள்ளால ஊர்ந்து பொருக்கா உரியும். ஹைட்ரோலிக் றொட்டுக்கு ஹார்ட் குறோம், அதுக்குப் பிறகு கிறைண்டிங், அளவு விட்டுக் கடையோணும். சிக்கலான உள்ளோட்டையள் இருக்கிற சாமானுக்கு எலெக்ரோலெஸ் நிக்கல், கரண்ட் இல்லாததால எல்லா இடமும் ஒரே தடிப்பு வரும், விலை கூட.

பூட்டினதுக்குப் பிறகு

படகில, கடற்கரையில அலுமினியத்தை ஸ்டெயின்லெஸ் போல்றால பூட்டினா, உப்புத்தண்ணி ரெண்டுக்கும் நடுவில பற்றரி வேலை பாக்கும், அரிக்கிறது எப்பவும் அலுமினியம்தான். நைலோன் வொஷர், புஷ் போட்டுப் பிரியுங்கோ, புரிக்கு கிறீஸ் பூசுங்கோ. அனோடைஸ் படை பாதுகாக்கும், ஆனா ஒரு கீறல் விழுந்தா அந்தக் கீறலிலயே முழு அரிப்பும் குவியும்.

கழுவுறது வெறும் தண்ணியும் மெல்லிய சவர்க்காரமும். படை தாங்கிற பீஎச் 4 க்கும் 8.5 க்கும் இடையில, அதால ஒவன் கிளீனர், கோஸ்ரிக், ரொய்லெற் அசிட் ஒண்டும் கிட்ட வரக்கூடாது. புது வீட்டில அனோடைஸ் யன்னல் பூட்டினாப் பிறகு பூச்சு வேலை செய்யிறவை சீமெந்துத் துளி பட்டதை நாளைக்குச் சுரண்டலாம் எண்டு விட்டிட்டுப் போவினம், ஈரச் சீமெந்து காரம், காயிறதுக்குள்ள படையைத் தின்டு வெள்ளைத் திட்டு விழுத்தும், அந்தத் திட்டைப் பிறகு எதாலயும் எடுக்க ஏலாது. பிறேமுக்கு முதலே ரேப் ஒட்டிப் பொலித்தீனால மூடச் சொல்லுங்கோ, துளி பட்டா அந்த நேரமே தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லுங்கோ.